புகை வேண்டாம் என்றவர்

வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் தேனீப் பெட்டியைத் திறக்க வேண்டும். பாதித் தேனீக்கள் பூத் தேடிப் போயிருக்கும். மிச்சமிருப்பவை சாதுவாக இருக்கும். நான் உயிரியல் படித்தவள். விதிப்படி நடப்பது எனக்குப் பிடிக்கும்.

குருபோங்கில் எங்களுடையது மூலை வீடு. பின்புறம் பெட்டிகள் வைத்திருந்தேன். பக்கத்து வீட்டு ரெஜினால்ட் அங்கிள் நகராட்சியில் புகார் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயதில் தேனீ கொட்டி, மூச்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் பிழைத்தவர். அதை முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்தார். வேலியிலிருந்து தள்ளி வைக்கச் சொன்னார்கள், வைத்தேன். பெட்டியின் வாசல் அவர் வீட்டைப் பார்க்கக் கூடாது என்றார்கள், திருப்பினேன். நடுவில் ஆளுயரத் தகரம் அடிக்கச் சொன்னார்கள், அடித்தேன்.

இதற்கிடையில் பாச்சாங்கிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அவர்கள் காரில் ஏறும்போது அங்கிள் தன் கேட்டில் சாய்ந்து நின்றார்.

"தம்பி, பொண்ணு வாயே தொறக்காது லா. பேச்சுத் தொணைக்கு பூச்சி வளக்குது. பெட்டியோட சேத்துதான் கட்டிக்கணும், தெரியுமில்ல?"

மாப்பிள்ளையும் சிரித்தார். அதன்பிறகு அவர்கள் போன் செய்யவில்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

தேன் எடுக்கும்போது தேங்காய் நாரில் புகை போடுவேன். அங்கிள் அதற்கும் புகார் செய்தார். புவனேஸ்வரன் என்ற அதிகாரி வந்தார்.

"பெட்டிய வச்சிக்கட்டும் சார், அதான் தகரம் இருக்கே. இந்தப் பொகைதான் வேணாம். என் வைஃபுக்கு ராவெல்லாம் இருமல்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீ ஏதாச்சும் சொல்றியாம்மா?"

"அதுகிட்டப் போயி கேக்குறீங்களே சார்" என்று அங்கிள் சிரித்தார்.

புகைதான் தேனீக்களின் கோபத்தை அடக்கி வைக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சரி என்று தலையாட்டினேன். புகை தடைசெய்யப்பட்டது.

போன சனிக்கிழமை வானம் கறுத்திருந்தது. மழைக்கு முன் எல்லாத் தேனீக்களும் கூட்டில்தான் இருக்கும். தகரத்துக்கு அந்தப் பக்கம் அங்கிள் ஏணியில் ஏறி மாங்கிளை வெட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தலை மட்டும் தெரிந்தது. நான் முகவலை, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். புகை போடவில்லை.

ஏணி விழுந்த சத்தம் கேட்டது. பிறகு என்னைக் கூப்பிட்டார். பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டு நகரக் கூடாது. தேனடைச் சட்டங்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்து, மூடி போட்டு, கையுறையைக் கழற்றி மடித்துவிட்டு ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தேன். அவர்கள் வந்தபோது அவருக்கு மூச்சில்லை.

இன்ஸ்பெக்டர், பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த சுத்தியலைப் பற்றி நீங்கள் கேட்கிறீர்கள். ஆமாம், திறப்பதற்கு முன் பெட்டியை அதனால் அடித்தேன். உள்ளே இரைச்சல் ஏறும்வரை அடித்தேன். அவர் ஏணியில் ஏறட்டும் என்று காலையிலிருந்து காத்திருந்தேன்.

பெட்டியை அடிக்கக் கூடாது என்று விதிகளில் எங்கும் இல்லை. வேண்டுமானால் நீங்களே படித்துப் பாருங்கள்.