மூன்றாவது சுற்று

வெந்நீரில் உட்காருவதற்குத் தகரப் பேசின்தான் நல்லது, பிளாஸ்டிக் வேண்டாம். பிளாஸ்டிக் பேசின் ஆள் பாரத்தில் நடுவில் வளைந்துகொடுக்கும். தையல் போட்ட இடத்துக்கு அந்த வளைவு போதும், உயிர் போய்த் திரும்பும். உங்கள் வீட்டில் யாருக்காவது மூலத்துக்கு அறுவை நடந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தம்பி. மருத்துவர்கள் இதையெல்லாம் சொல்வதில்லை.

நாற்காலி வேண்டாம், நின்றுகொண்டே சொல்கிறேன். நடந்துகொண்டே கேட்பது உங்கள் பழக்கம் போலிருக்கிறது. நடங்கள். எனக்கு இடைஞ்சல் இல்லை.

வலிக்குப் பயந்தவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. பதினாறு வயதிலிருந்து குதிரைமேல் உலாக் ஆடுகிறேன். தலை வெட்டிய ஆட்டை எதிராளியின் தொடைக்கடியிலிருந்து பிடுங்கிக்கொண்டு குதிரையை விரட்டுகிறவனுக்கு விரல் முறியும், விலா முறியும். எனக்கு எல்லாம் முறிந்திருக்கிறது. சவுக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆடுவதால் சத்தம் போட வாயும் இருக்காது. குளிர்காலத்தில் நிலக்கரி லாரி ஓட்டுவேன். சேணத்தில் பாதி ஆயுள், லாரி இருக்கையில் பாதி ஆயுள். மூலம் வராமல் என்ன செய்யும்?

பிப்ரவரியில் அறுத்தார்கள். மார்ச்சில் நூரூஸ் பண்டிகை ஆட்டம். அதற்குள் என் சாம்பல் குதிரையின் மேல் நான் உட்கார்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் மைராம்பெக் உட்காருவான். எங்கள் அணியில் அவன் எனக்கு அடுத்தவன், பல வருடமாக அடுத்தவன். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

மனைவி பெர்மெத் மாஸ்கோவில் அலுவலகங்கள் துடைக்கிறாள். விடுப்பு கேட்டால் வேலை போய்விடும். அதனால் ஊல்கான் அக்கா தன் வீட்டையும் புருஷனையும் விட்டுவிட்டு, கணவாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து பனியில் வந்தாள். வந்ததும் என் பிளாஸ்டிக் பேசினைத் தூக்கிக் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்தாள், தன் வீட்டுத் தகரப் பேசினைப் பையிலிருந்து எடுத்தாள். அப்படிப்பட்டவள். உலர்ந்த ஆப்ரிகாட்டை ஊறவைத்துத் தருவாள், பீட்ரூட்டைத் துருவித் தருவாள், துண்டை அடுப்பின் மேல் சூடாக்கி வைத்திருப்பாள். நான் வெந்நீரில் உட்கார்ந்திருக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டு ஊர்வம்பு பேசுவாள். சின்ன வயதில் எனக்குக் கால் கழுவிவிட்டவள்தான். ஆனாலும் திரும்பித்தான் உட்காருவாள்.

டாக்டர் இறைச்சி வேண்டாம் என்றிருந்தார். ஆனால் நோயாளியைப் பார்க்க வருகிறவன் வெறுங்கையோடு வருவதில்லை. மைராம்பெக் இன்னும் இரண்டு பேரோடு வந்தான், குதிரை இறைச்சியோடு.

"எங்கடா நம்ம சேணம்? பிரிஞ்சுபோனதைத் தச்சுக் கொண்டாந்துட்டாங்களாமே. நூல் உறுதியா? திருப்பிக் காட்டு, பார்த்துடலாம்" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள்.

"உன் வாயையும் கூட்டிட்டுப் போயிருந்தா ரெண்டையும் ஒரே நூல்ல முடிச்சிருப்பாங்க, மைராம்பெக். பேசாம தின்னு" என்றாள் அக்கா.

அவனும் சிரித்தான். பிறகு சாம்பலனைப் பற்றிப் பேச்சை எடுத்தான். குதிரையைச் சும்மா கட்டிப்போட்டால் கெட்டுப்போகும், தினமும் ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்றான். நியாயமான பேச்சுதான். பேசிக்கொண்டே எலும்போடு பெரிய துண்டை எடுத்து என் முன்னால் வைத்தான். வயதுக்கும் மரியாதைக்கும் ஏற்ற எலும்பு ஒன்று ஒவ்வொருவனுக்கும் உண்டு, தெரியும்தானே. தனக்கு வைத்த எலும்பை மறுத்தவன் எங்கள் பக்கம் இருந்ததில்லை. அக்கா தேநீர் ஊற்றுகிற சாக்கில் குனிந்து, "ஒரு வாய் வச்சுட்டு என் தட்டுல தள்ளிடுடா" என்றாள். மைராம்பெக் பார்த்துக்கொண்டிருந்தான். நான் எலும்பு வெள்ளையாகும்வரை தின்றேன்.

அதற்கான விலையை முற்றத்துக் கடைசியில் உள்ள கழிப்பறையில் கொடுத்தேன். பலகையில் குந்தி உட்கார்ந்திருந்தேன், கீழேயிருந்து குளிர்காற்று. உடைந்த கண்ணாடியைப் பெற்றெடுப்பது போல என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். நான் குறைத்துத்தான் சொல்கிறேன். வெளியே வந்து பனியில் கையையும் காலையும் ஊன்றி நின்றேன். விலா முறிந்தபோது வராத சத்தம் அன்று வந்தது. அக்கா ஓடிவந்து தூக்கினாள். பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டு என் வாயைப் பொத்தினாள். "உள்ள வந்து அழுடா, கண்ணு. இங்க வேண்டாம்."

மாத்திரை வேலை செய்யவில்லை. அக்கா ஒரு கோழியைப் பிடித்துவந்தாள். அதை என் தலைக்கு மேல் மூன்று முறை சுற்றி, "போ, இவன் வலியைத் தூக்கிட்டுப் போ" என்று சொல்லி முற்றத்தில் விட்டாள். எங்கள் அம்மாவும் இப்படிச் செய்வாள். எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. கோழி போனது, வலி போகவில்லை. நான் குப்புறப் படுத்து ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் நாய் அதைக் கவ்வியது. கோழி அலறியது. அந்த நொடியில் என் வலி நின்றது.

தம்பி, நான் படித்தவன் இல்லை. ஆனால் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. சுற்றுவது வலியை ஏற்றுகிற வேலை மட்டும்தான். சுமந்தது கத்தும்போதுதான் அது நம்மைவிட்டு இறங்குகிறது. இந்தப் பாதியைப் பழைய ஆட்கள் மறந்துவிட்டார்கள்.

அடுத்த முறை நானே செய்தேன். கொட்டகையில் ஒரு பெண்ணாடு. அதைத் தூக்கிச் சுற்ற முடியாதே, அதனால் என்னைச் சுற்றி அதை நடக்கவைத்தேன். பிறகு முன்னங்காலை, மடங்காத பக்கமாக மடக்கினேன். கொல்லவில்லை. கொன்றால் வலி எங்கே போகும், பாதியில் நின்றுவிடாதா? அன்று சாயங்காலம்வரை நிம்மதியாக இருந்தேன். முட்டைக்கோசு சூப் இரண்டு கிண்ணம் குடித்தேன். அக்கா ஆட்டைப் பார்த்துவிட்டு, "வழுக்கி விழுந்துச்சா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். விறகுத் துண்டை வைத்து, என் கட்டுத்துணியில் கிழித்து, அதன் காலைக் கட்டினாள்.

நாயிடம் எனக்கு மதியம்வரைதான் நிம்மதி கிடைத்தது. நாயைப் பற்றி விவரம் வேண்டாம். அது கடைசிவரை வாலை ஆட்டியது, அதனால் நேரமாகிவிட்டது.

அக்கா அதைப் பனிக்குள் புதைத்துவிட்டு வந்து அடுப்பருகில் உட்கார்ந்தாள். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. பனி விழும்போது எங்கள் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது, கெண்டியின் மூச்சு மட்டும் கேட்கும். அப்படியே இருட்டும்வரை இருந்தோம். நான் பேசாத ஆள், அவள் பேசாமல் இருந்து அதுவரை நான் பார்த்ததில்லை. பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"அடுத்தது சாம்பலனாடா?"

எனக்குக் கோபம் வந்தது. இந்த விவகாரம் முழுவதிலும் எனக்குக் கோபம் வந்தது அந்த ஒரு தடவைதான். "குதிரையைத் தொடுவேனா? நான் என்ன மிருகமா?" என்றேன்.

"இல்லடா. சும்மா கேட்டேன்" என்றாள். அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே, "டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துடலாமா? காரு பிடிக்கிறேன். வலிக்கு ஊசி போடுவாங்க. அப்படியே வேற டாக்டர் இருந்தா, மனசு டாக்டர், அவரையும் பாத்துட்டு..." என்றாள்.

நூரூஸ் முடியட்டும் என்றேன்.

குதிரையை நான் தொடவில்லை. நீங்கள் போய்ப் பார்க்கலாம், ஒரு கீறல் இருக்காது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கிற அந்தக் காலையில் மைராம்பெக் சாம்பலனை ஓட்டிக்கொண்டு எங்கள் வேலிக்கு வெளியே போனான். குதிரை அவன் காலுக்குப் பழகிவிட்டது, நடையிலேயே தெரிந்தது. நான் கழிப்பறையிலிருந்து வீட்டுக்குத் திரும்பும் வழியில் இருந்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு. அவன் கையை உயர்த்தி, "படுத்துக்கடா, படுத்துக்க. நூரூஸ நான் பாத்துக்கறேன்" என்றான். கேலி இல்லை, நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். கேலி என்றால் தாங்கியிருப்பேன்.

உள்ளே வந்து தரையில் முட்டி போட்டு, நெற்றியைக் கம்பளத்தில் வைத்துக்கொண்டேன். அப்படி இருந்தால் கொஞ்சம் தேவலாம். அக்கா கெண்டியை அடுப்பில் வைத்துவிட்டு வந்தாள். என் முதுகில் கை வைத்தாள். அப்போதுதான் அவள் அதைச் செய்தாள். நான் கேட்கவில்லை, தம்பி. நான் கேட்டேன் என்று யாராவது சொன்னால் அது பொய். அவளாகவே எழுந்து என்னைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள்.

"உன்னைச் சுத்தி வர்றேன்டா, என் தங்கமே. உன் வலியெல்லாம் எனக்கு வரட்டும். அந்த வாயில்லா ஜீவனுங்கள விட்டுடு. எனக்கு வரட்டும்."

ஒரு சுற்று முடிந்தது.

"மனசாரச் சொல்றியா அக்கா?" என்று கேட்டேன்.

"மனசாரத்தான்டா. வேற யாருக்குச் சொல்லப்போறேன்?"

இரண்டாவது சுற்றும் முடிந்தது. மூன்றாவதில் பாதி வந்திருப்பாள். கெண்டி பொங்கி அடுப்பில் சீறியது. "இருடா, வந்துடறேன்" என்று அடுப்புப் பக்கம் திரும்பினாள். நான் எழுந்து ஆணியிலிருந்து சவுக்கை எடுத்தேன்.

முதல் அடிக்கு அவள் சிரித்தாள். விளையாடுகிறேன் என்று நினைத்திருப்பாள். "எருமை, அக்காவை அடிக்கக் கை நீளுதா?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். பார்த்தபின் சிரிக்கவில்லை, ஓடவும் இல்லை. கதவு பக்கத்தில்தான் இருந்தது, தாழ் போடவில்லை. இதை நான் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறேன். கதவைப் பார்த்தாள், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தாள். எனக்காக அடுப்பின் மேல் சூடாகிக்கொண்டிருந்த துண்டை எடுத்துத் தன் வாயில் திணித்துக்கொண்டாள்.

நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். அவள் கத்தவில்லை. என் மானத்துக்காகத்தான், எனக்குத் தெரியும், அன்றைக்கு என் வாயைப் பொத்தியவளும் அவள்தான். ஆனால் கத்தினால்தானே இறங்கும்? ஒரு முறை, வாய்விட்டு ஒரே ஒரு முறை கத்தியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன். சவுக்கில் அவள் கத்தவில்லை. துண்டை இழுத்துப் போட்டேன், கையால் வாயை மூடிக்கொண்டாள். அந்தக் கையையும் கவனித்துக்கொண்டேன். பிறகு கெண்டியை எடுத்தேன். அதன் பிறகு அடுப்புக் கிளறும் இரும்பை. நான் அவசரப்படவில்லை, அவசரப்பட்டால் அவள் சொன்ன வார்த்தை வீணாகிவிடும். ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, "கத்து அக்கா, போதும், கத்திடு" என்று சொன்னேன். கெஞ்சினேன் என்றே எழுதிக்கொள்ளலாம். கடைசியில் அவளிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கத்தல் என்று சொல்ல முடியாது. ஆனால் போதுமானதாக இருந்தது.

வலி நின்றது. முழுவதுமாக நின்றது. நான் வெறும் மர முக்காலியில், தலையணை வைக்காமல், உட்கார்ந்தேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு மனிதனைப்போல உட்கார்ந்தேன். கெண்டியில் மீதியிருந்த தண்ணீரில் தேநீர் போட்டுக் குடித்தேன்.

மைராம்பெக் குதிரையைக் கொண்டுவந்து கட்டிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் கத்தினான். வேலி தாண்டிக் கேட்கும்படி, குழந்தையைப்போலக் கத்தினான். அதனால் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் என்னைச் சுற்றி வரவில்லையே. "ஏன்டா, ஏன்டா" என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தான். "என்னால உக்கார முடியுதுடா, பாரு" என்று காட்டினேன்.

அவ்வளவுதான். ஊல்கான் அக்காவைக் கொன்றது நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் கொன்றேன் என்று நீங்கள் எழுதுகிற இடத்தில், அவள் கொடுத்தாள், நான் வாங்கிக்கொண்டேன் என்றும் ஒரு வரி சேர்த்தால் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும். தாய் பிள்ளைக்குக் கொடுப்பதில்லையா?

இங்கே கொண்டுவந்து அடைத்த இரண்டாம் நாள் வலி திரும்பிவிட்டது. முன்பைவிட அதிகம். அதனால்தான் நாற்காலி வேண்டாம் என்றேன். யோசித்துப் பார்த்தேன், அறையில் யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது. மூன்றாவது சுற்றை அவள் முடிக்கவில்லை. கெண்டிக்காகத் திரும்பினாளே, அங்கேதான் தவறு நடந்தது. அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவளால் முடிந்ததைச் செய்தாள்.

நீங்கள் நல்ல பிள்ளை. ஆரம்பத்தில், "ரொம்ப வலிக்குதாண்ணே? ஏதாவது செய்யட்டுமா?" என்று கேட்டீர்கள். இந்த அலுவலகத்தில் வேறு யாரும் அதைக் கேட்கவில்லை. வாய் வார்த்தையாக இல்லாமல், மனசாரக் கேட்டமாதிரிதான் இருந்தது. ஆனால் மேசையிலிருந்து ஜன்னலுக்கும், ஜன்னலிலிருந்து என் பின்பக்கமாக மேசைக்குமாக இரண்டு முறை என்னைச் சுற்றி வந்துவிட்டீர்கள்.

போதும், உட்காருங்கள் தம்பி. நான் யாருக்கும் கெடுதல் நினைக்கிறவன் இல்லை.