கூட்டிலைப் பாடம்

அந்தக் கையெழுத்து உன் அப்பாவுடையது இல்லை, பொன்னுமணி. என்னுடையது. அட்டையில் சோணை என்று பெயர் இருப்பதால் அவர் எழுதியது என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறாய். உட்கார் தாயி, காபி ஆறுகிறது. நீயும் பி.எட். சேர்ந்துவிட்டாய், அப்பாவின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்துப் பாடக்குறிப்பு எழுதலாம் என்று எடுத்திருக்கிறாய். அது இந்த மாமாவின் எழுத்தில் இருந்தால் ஏன் என்று கேட்கத்தான் தோன்றும். சொல்கிறேன்.

உன் அப்பாவும் நானும் ஒரே வாரத்தில் போடியில் இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தோம். பதினெட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்து வகுப்பு. நடுவில் ஒரு தட்டி மட்டும்தான். அவர் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பது என் வகுப்பில் கேட்கும். என் பிள்ளைகள் தட்டியைப் பார்ப்பார்கள். பதினெட்டு வருஷம் நான் தட்டியைப் பார்க்கும் முகங்களுக்குத்தான் பாடம் நடத்தினேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை, எப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

எண்பதாம் வருஷம் தலைமையாசிரியர் ஓய்வு பெறப்போவதாகப் பேச்சு வந்தது. நிர்வாகத்தில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்கள். பி.எட். முடித்தவருக்கு அந்த நாற்காலி, இருவரும் முடித்தால் மதிப்பெண் கூடியவருக்கு என்றார்கள். அஞ்சல் வழியில் சேர்ந்தோம். கோடை விடுமுறையில் நேர்முக வகுப்பு, மற்ற நாளில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பு. ஆளுக்கு நாற்பது பாடக்குறிப்பு எழுதி ரெக்கார்டு வைக்கவேண்டும்.

உன் அப்பாவுக்கு எழுத்து வராது. உனக்கே தெரியும்.

"மாப்ளே, நான் எழுதுனத எனக்கே வாசிக்க முடியல. ஒங்கையால எழுதிக் கொடுத்துரு. அதுக்குப் பதிலா பாடம் எடுக்க நான் ஒனக்குச் சொல்லித் தர்றேன்" என்றார். "நீ பிள்ளைகள விட்டுட்டுச் சுவத்தப் பாத்துல்ல நடத்துற. சுவரு பாசாகி என்னடா பண்ணப் போகுது?"

ஆசிரியர் அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எண்பது பாடக்குறிப்பும் நான்தான் எழுதினேன். கோடு போட்டு, தலைப்புக்குச் சிவப்பு மை, படத்துக்குப் பென்சில். இரண்டு நோட்டையும் ஒரே மாதிரி எழுதினேன், ஒன்றில் கூட்டி ஒன்றில் குறைக்கவில்லை. அவருக்குத் தொண்ணூற்றிரண்டு வந்தது, எனக்கு எண்பத்தெட்டு.

என் கையெழுத்துக்கே என்னைவிட நான்கு மதிப்பெண் அதிகம். நீ ஆசிரியை ஆகப்போகிறவள். இதில் எங்கே நியாயம் என்று யோசித்துப் பார்.

உன் அப்பா அதை ஆசிரியர் அறையில் வைத்துச் சொல்லிச் சிரித்தார். "எம் மாப்ள எழுத்துக்கு எம் மூஞ்சியப் பாத்து மார்க்குப் போட்டுட்டாகப்பா." அவரிடம் வஞ்சகம் கிடையாது. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசியாகச் செய்முறைத் தேர்வு. இரண்டு தேர்வாளர்கள் பின்னால் உட்கார்ந்திருக்க, முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு ஒரு பாடம் எடுக்கவேண்டும். ஐம்பது மதிப்பெண். எங்களுக்குத் தேவாரத்துக்கு மேற்கே மலையடியில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம் ஒதுக்கினார்கள். எனக்குப் பத்து மணி, அவருக்குப் பதினொன்று. பழகிக்கொள்ள ஒரு வாரம் முன்னதாகவே அங்கே போய்வந்தோம்.

பஸ்சை விட்டு விலக்கில் இறங்கினால் இரண்டு வழி. காட்டைச் சுற்றிப் போகும் வண்டிப்பாதை முக்கால் மணி நேரம். ஓடைக்குள் இறங்கி ஏறும் ஒற்றையடிப் பாதை இருபது நிமிஷம். அந்தப் பக்கம் சோளம் பால் பிடிக்கும் பருவத்தில் யானை இறங்கும். சில நாள் விடிந்தும் மலையேறாமல் ஓடைப் புதருக்குள்ளேயே நிற்கும். அப்படி நின்றால், சோளத்துக்குக் காவல் இருப்பவன் ஒரு பச்சைக் கொப்பை ஒடித்து, அடியில் சிவப்புத் துணி முடிந்து, ஒற்றையடிப் பாதை பிரியும் இடத்தில் குறுக்கே போட்டு மேலே கல் வைத்துவிட்டுப் போவான். கொப்பு கிடந்தால் சுற்றுப்பாதை, இல்லையென்றால் ஓடை. யானை ஏறிப் போகிறவரை அதை யாரும் தொடமாட்டார்கள். நான் ராசிங்காபுரத்துக்காரன், எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். உன் அப்பா போடி டவுனில் பிறந்தவர். அவருக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். நல்ல மாணவர், ஒரு தடவை சொன்னால் போதும்.

தேர்வு நாள் காலையில் போடி பஸ் நிலையத்துக்கு வந்தவர் என்னோடு ஏறவில்லை.

"பாப்பாவுக்கு ராவுல இருந்து மேலு காயுது மாப்ளே. ஊசி போட்டுட்டு அடுத்த பஸ்சுல வந்துர்றேன். எறங்குனதும் ஓடையில வெரசா வந்தாத்தான் எனக்குத் தோதுப்படும். நீதான் முன்னால போறியே, பாதை எப்படின்னு பாத்து வையி" என்றார்.

"வாங்க, பாத்துக்கிருவோம்" என்றேன்.

அந்தப் பாப்பா நீ. உனக்குப் பன்னிரண்டு வயது. காய்ச்சலால்தான் அப்பா தாமதமாகி, அவசரத்தில் ஓடைக்குள் இறங்கினார் என்று பிறகு நீ அழுதபோது நான் மறுத்துப் பேசவில்லை. அதில் தப்பும் இல்லை. காய்ச்சல் வந்தது உண்மைதானே.

விலக்கில் இறங்கி நடந்தேன். பிரிவில் கொப்பு கிடந்தது. புங்கங்கொப்பு. பச்சை வாடாமல், இலை ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி இருந்தது. என்னுடைய பாடம் தனி இலையும் கூட்டிலையும். தனி இலைக்குப் பூவரசு இலை பையில் வைத்திருந்தேன். கூட்டிலைக்கு அட்டையில் வரைந்த படம்தான் இருந்தது. வரைந்த படத்தைவிட உண்மைப் பொருள் சிறந்தது என்று நேர்முக வகுப்பில் உன் அப்பாவை எழுப்பி நிறுத்திப் பாராட்டியிருந்தார்கள். புங்கு அருமையான கூட்டிலை. ஒரு காம்பில் ஐந்து ஏழு சிற்றிலை, எதிர் எதிராக, நுனியில் ஒன்று.

கல்லைத் தூக்கி, நடப்பவர் கால் இடறாமல் ஓரமாக வைத்தேன். கொப்பை எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான் செய்தேன். யார் மேலும் என் கை படவில்லை.

எந்த வழியில் போனேன் என்று கேட்கிறாயா? சுற்றுப்பாதையில்தான். கொப்பு கிடந்ததே.

பள்ளிக்கூடத்தில் தேர்வாளர்களின் ஜீப்பு மர நிழலில் நின்றது. பாடம் தொடங்கினேன். அன்றைக்கு நான் சுவரைப் பார்க்கவில்லை, பிள்ளைகளைத்தான் பார்த்தேன். பூவரசு இலையைக் காட்டினேன். பிறகு கொப்பைத் தூக்கிப் பிடித்தேன். மூன்றாவது வரிசையில் கருத்தம்மாள் என்று ஒன்பது வயதுப் பிள்ளை எழுந்து நின்றது.

"சார், இது ஆனக் கொப்புல்ல? துணி முடிஞ்சிருக்கு. புங்கந்தான் வேணும்னா நம்ம முத்தத்துலயே மரம் நிக்குதே சார்."

துணியை அவிழ்க்க மறந்திருந்தேன். சுவரில் கடிகாரம் பத்து இருபது காட்டியது. உன் அப்பாவின் பஸ் விலக்குக்கு வரப் பத்து நாற்பது ஆகும். ஒரு பெரிய பையனை வண்டிப்பாதையில் ஓடவிட்டால்கூடப் பிடித்துவிடலாம். அது எனக்குத் தெரிந்தது. உன்னிடம் மறைக்கவேண்டியதில்லை. ஆனால் பாடத்தைப் பாதியில் நிறுத்தினால் ஐம்பதும் போய்விடும் தாயி. பதினெட்டு வருஷத்தில் முதல் தடவையாக முப்பது பிள்ளைகள் வேறு எங்கும் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆமா, நம்ம ஊருப் பேரு அது. இதுல எத்தன சிற்றிலை இருக்கு, எண்ணிச் சொல்லு பாப்பம்" என்றேன்.

கருத்தம்மாள் எண்ணிச் சொன்னது. ஏழு. தேர்வாளர்கள் மதுரையிலிருந்து வந்தவர்கள், அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. மாணவர் அனுபவத்தோடு பாடத்தை இணைத்தார் என்று குறிப்பு எழுதினார்கள். ஐம்பதுக்கு நாற்பத்தேழு. பாடம் முடிந்ததும் துணியை அவிழ்த்துப் பையில் வைத்துக்கொண்டு, கொப்பை வாசலில் கட்டியிருந்த ஆட்டுக்குப் போட்டேன். பதினொன்றாயிற்று. பதினொன்றரை ஆயிற்று. "அடுத்த ஆள் எங்கப்பா?" என்று தேர்வாளர் கேட்டார். அப்போதுதான் அவரைக் கண்டவர்கள் ஓடைப்பக்கம் கத்துவது கேட்டது. குட்டியோடு நின்ற யானை. அதைக் குற்றம் சொல்ல முடியாது.

ஊர்க்கூட்டத்தில் அன்றைக்குக் காவல் இருந்த மொக்கையனைப் பிடித்து நிறுத்தினார்கள். "நான் போட்டேன் சாமி. கல்லு வச்சேன், துணி முடிஞ்சேன்" என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். முன்னால் அந்த வழியாக வந்தவன் என்று என்னைக் கேட்டார்கள். "நான் வர்றப்ப ஒண்ணும் கெடக்கலையேப்பா" என்றேன். கருத்தம்மாளும் வீட்டில் ஏதோ சொல்லியிருக்கிறது. வாத்தியார் மேல பழி போடுறியா என்று அதற்கு அடி விழுந்ததாகக் கேள்விப்பட்டேன். மொக்கையனை ஊரில் யாரும் காவலுக்குக் கூப்பிடவில்லை. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்தில் அவனுக்கு வேலை கேட்டு நான்தான் கடிதம் எழுதிக்கொடுத்தேன். நல்ல கடிதம். உடனே ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

எனக்கு நாற்காலி கிடைத்தது. பதவி ஏற்ற அன்றைக்கு மாலை போட்டுவிட்டுப் பழைய தலைமையாசிரியர் என்ன பேசினார் தெரியுமா? "ஜக்கையன் நாப்பத்தேழு வாங்கியிருக்காரு. நம்ம சோணை அன்னைக்குப் பாடம் எடுத்திருந்தா அம்பதுக்கு அம்பது வாங்கியிருப்பான்." எல்லோரும் தலையாட்டினார்கள். உன் அம்மா அய்யம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்து அழுதாள். பத்து வருஷமாகப் புதிதாக யார் பணியில் சேர்ந்தாலும் அந்த ஐம்பதைத்தான் அவர்களுக்குச் சொல்கிறார்கள். அவர் எடுக்காத பாடத்துக்கு ஐம்பது, நான் எடுத்த பாடத்துக்கு நாற்பத்தேழு. உயிரோடு இருந்தவரை அவரை மிஞ்ச எனக்கு ஒரு வழியாவது இருந்தது.

எழுந்திருக்காதே. கதவு திறந்துதான் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் போகலாம், யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். நான் மறுக்கமாட்டேன். உன் அப்பாவை அந்தப் பாதையில் அனுப்பியது நான்தான். அதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம். இது என் நோட்டு. சிவப்புத் துணி வைத்திருக்கிறேன் பார், அந்தப் பக்கம்தான் கூட்டிலைப் பாடம். நீயும் படித்தவள், சோணையின் மகள், உனக்குப் பாடம் தெரியும். பொறுமையாக வாசித்துவிட்டுச் சொல் தாயி, நாற்பத்தேழு குறைவுதானே? நீயாக இருந்தால் எத்தனை போடுவாய்?