தகவல் இல்லையென்றால் 'கரையில்' என்று எழுதலாமா?

வணக்கம் சொல்லும் முன்னே வழுக்கிவிட்டேன். தலைவர் ஞானம் அவர்களுக்கென்று கொண்டுவந்த பொன்னாடையை மைக் செட்காரருக்குப் போர்த்திவிட்டேன். அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிரியுங்கள், ஒன்பதாவது தாண்டாத தலை இது.

பொன்னாடை போனாலும் புன்னகை போகாத தலைவர் அவர்களே, கணவரைக் கடலுக்கும் கண்ணைக் கரைக்கும் கொடுத்த தாய்மார்களே, ஏலம் கூவிக் குரல் தேய்ந்த பெரியோர்களே, வணக்கம்.

நம் மீனவர் சங்கத்துத் திரையைப் பற்றிப் பேச வந்தேன். எந்தப் படகு போனது, எது வந்தது என்று காட்டுகிறதே, அதன் வயிற்றுக்குள் எக்ஸ்.எஸ்.எல்.டி. என்று ஒரு கம்ப்யூட்டர் சமாச்சாரம் ஓடுகிறதாம். என் மகள் சாண்ட்ரா சொன்னாள். படகுக் குறிப்பில் 'திரும்பிய நேரம்' இருந்தால் அதைப் போடும். இல்லாவிட்டால், நாம் முன்கூட்டியே சொல்லிவைத்த சொல்லைப் போடும். நாம் சொல்லிவைத்தது என்ன? 'கரையில்'.

ஏன்? மீனை ஏலத்துக்குத் தள்ளினோமா, வூட்டுக்குப் போனோமா என்று இருப்பவர்கள் நாம். வந்துவிட்டேன் என்று சங்கத்தில் வந்து சொன்னவர் யார்? கை தூக்குகிற தோஸ்து, நீ கடலுக்கே போவதில்லை, உட்காரு. அதனால்தான், பேசாத படகெல்லாம் வந்த படகு என்று வைத்துக்கொண்டோம்.

போன மாதம் எண்ணூருக்கு அப்பால் திருமுருகன் படகின் இன்ஜின் நின்றது. பொழுது சாய்ந்ததும் அவர் மனைவி மோகனப்ரியா சங்கத்துக்கு ஓடிவந்தார். திரை 'கரையில்' என்றது. டீக்கடையில் போய்ப் பாரம்மா என்றோம். அவர் நகரவில்லை.

"கரையிலதான் கீறாருன்னா, எந்தக் கரைன்னு இட்டுகினு போய் காட்டு நைனா."

அதன் பிறகுதான் படகு அனுப்பினோம், கயிறு கட்டி இழுத்து வந்தோம்.

ஊர் எழுதாவிட்டால் நம் ராயபுரம் என்று போடு, குற்றமில்லை. இன்ஜின் பெயர் எழுதாவிட்டால் காலியாக விடு, கவலையில்லை. ஆள் வந்தானா என்று தெரியாத இடத்தில் நம் ஊகத்தை எழுதலாமா? தெரியாததைத் தெரியும் என்று திரை சொல்லலாமா? தேட வேண்டிய கை டீ கிளாஸைப் பிடிக்கலாமா?

ஒரே வரியை மாற்றக் கேட்கிறாள் சாண்ட்ரா. நேரம் இல்லையா, 'தகவல் இல்லை, தேடு' என்று சிவப்பில் வரட்டும். பாதித் திரை சிவக்குமே, பேஜாரு என்கிறார் முன்வரிசையில் ஸ்டானிஸ்லாஸ் அண்ணன். சிவக்கட்டும் அண்ணே. கரைக்கு வந்தவன் ஒரு போன் போட்டால் மறைகிற சிவப்புதானே? இதற்குக் கை தூக்காமல் யாரும் கலைய வேண்டாம். நானும் இந்த மேடையை விட்டு இறங்குவதாக இல்லை. இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்த உங்களுக்கு நன்றி, உயரப் போகும் கைகளுக்கு வணக்கம்.

கைகள் உயர்ந்தன, இறங்கினேன். என் மகன் பென்னி அப்போது கடலில் இருந்தான். என் முதுகுக்குப் பின்னால் திரையில் அவன் படகுக்கு நேரே 'கரையில்' என்று இருந்தது. அதை மட்டும் நான் மைக்கில் சொல்லவில்லை.