கிச்சாப் போத்தலில் கீழாநெல்லி

ஹலோ... திருநாவுக்கரசு அண்ணனா?... நான்தான், அருந்ததி. லேப்லேருந்து... ம், ம், சாப்பிட்டாச்சு. அண்ணே, தொண்ணூத்தாறு மணி நேரம்... இல்ல, கேளுங்க. வெள்ளைக்கழிச்சல் வைரஸும் கீழாநெல்லிச் சாறும் ஏத்தின முட்டைக்குள்ள குஞ்சு தொண்ணூத்தாறு மணி நேரம் சாகல. அவ்வளவுதான் நான் சொன்னது. கோழிக்கு ஊத்துங்கன்னு சொன்னேனா?...

என்ன சிரிப்பு?... ஆமா, பார்த்தேன். கையிலதான் இருக்கு, நீங்க விக்கிற போத்தல். கிச்சாப் போத்தல்! சோயா சாஸ் இருந்ததைக் கழுவக்கூட இல்ல. கீழாநெல்லிச் சாறாம். திறந்தா கிச்சாப்பும் அழுகின தழையும் சேர்ந்து நாறுது. உள்ள ஒரு ஈ மிதக்குது... வெளிய என் பேரு வேற! 'குமாரி அருந்ததி பி.எஸ்ஸி. சோதித்துக் கண்டது.' சீ...

பெருமையா? அந்தப் பேரை நகத்தால சுரண்டிக்கிட்டிருக்கேன்.

யார் கொடுத்தாங்களா? கோழிப்பண்ணை வச்சிருக்காரே, அய்யாக்கண்ணு. சுங்கை பாக்காப்லேருந்து பஸ் ஏறி, ஃபெரி ஏறி வந்தாரு. செத்த கோழியைப் பேப்பர்ல சுத்திக்கிட்டு. கழுத்து திருகிக் கிடக்கு, வெள்ளைக்கழிச்சல்தான். நூத்தி எண்பது போச்சாம்... ஆமா, நூத்தி எண்பது! தடுப்பூசி போட்டீங்களான்னு கேட்டேன். 'அதான் உங்க மருந்து இருக்கேம்மா'ங்கிறாரு. மிச்சக் கோழிக்கு எத்தனை மூடி ஊத்தணும்னு என்னைக் கேக்கிறாரு அண்ணே. என்னை!...

என்னது? இன்னும் நாப்பது போத்தலா?... லாரி எப்ப?... நாலு மணிக்கா? நிறுத்துங்க... ஏன் முடியாது?...

ஆமா. ஆமா, முட்டை பிழைச்சுச்சு. பன்னிரண்டும். தீபாவளிக்கு உங்க வீட்டுக்கு வந்தப்ப நான்தான் சொன்னேன், வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க முடியாம...

கத்தாதீங்க. பக்கத்துல ரொஸ்னா டைப் அடிச்சிட்டிருக்கா. அவ காதுல விழுந்தா என் வேலை போயிரும்... எது காதுல விழுந்தாவா? சொல்றேன், இருங்க...

வேலை போனாப் போகட்டும்லா.

அண்ணே, மருந்தே போடாம இன்னொரு பன்னிரண்டு முட்டை வச்சிருந்தேன். அதே வைரஸ் ஏத்தி, ஒப்பிட்டுப் பார்க்க... இல்ல, நீங்க கேக்கல. நானும் சொல்லல. யார்கிட்டயும் சொல்லல...

அதுவும் பிழைச்சுச்சு. பன்னிரண்டும்...

புரியலையா? முட்டைக்குள்ள போறதுக்கு முன்னாடியே வைரஸ் செத்துப் போயிருந்துச்சு அண்ணே. ஹரி ராயா பெருநாள் லீவு நாலு நாளும் வைரஸ் வச்சிருந்த ஐஸ்பெட்டி திறந்து கிடந்துச்சு. சாத்தாமப் போனது நான்தான்.