பர்மா மட்டும் பேசும் ரேடியோ

"பழைய ரேடியோவுக்குப் புதுசா எதையாவது சொல்லிக் கொடுத்தா, தெரிஞ்சதையும் மறந்துடுது பாய்."

அந்தமானில், புரோத்ராபூரிலிருந்து நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போகும் காலை பஸ்ஸில், என் முன் இருக்கைக்காரர் இதைச் சொன்னார். அவர் மடியில் போர்வை சுற்றிய வால்வு ரேடியோ இருந்தது. பக்கத்தில் அதை ரிப்பேர் செய்த பாய் உட்கார்ந்திருந்தார்.

"நம்மூர் ஸ்டேஷன் அலைவரிசையை மாத்திட்டாங்க, அதைப் பிடிக்கணும்னு நீதானே கேட்டே? அதுக்குத்தான் உள்ளே புதுக் கம்பிச்சுருள் போட்டேன்."

"போட்டீங்க. இப்ப மெட்ராஸும் இல்ல, நம்மூரும் இல்ல. பர்மாக்காரன் மட்டும் பேசுறான்."

"அவனாச்சும் பேசுறானே, ஷுக்ர் கரோ, சந்தோஷப்படு!"

"விளையாடாதீங்க பாய். கப்பல் என்னிக்கு வரும்னு நம்மூர் ஸ்டேஷன்லதான் சொல்லுவாங்க. என் சம்சாரம் முதல் தடவையா வர்றா. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. துறைமுக ஜெட்டியில நான் நிக்கலேன்னா பயந்து போயிடுவா."

"இன்னிக்கு வேற சுருள் போட்டுப் பார்க்கிறேன். கப்பலுக்கு இன்னும் ரெண்டு நாள் இருக்கு, கவலைப்படாதே."

பஸ் மேட்டில் ஏறித் திரும்பியதும் துறைமுகம் தெரிந்தது. மெட்ராஸ் கப்பல் அதற்குள் வந்து ஜெட்டியை ஒட்டி நின்றிருந்தது. அதிலிருந்து ஆட்கள் பெட்டிகளோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஜஹாஜ் ஆ கயா," என்றார் கண்டக்டர்.

ரேடியோவைப் பாயின் மடியில் வைத்துவிட்டு முன் இருக்கைக்காரர் எழுந்து ஓடினார். பஸ் நிற்பதற்குள் குதித்துவிட்டார்.

"தம்பி, உன் ரேடியோ!"

"பர்மாக்காரனை நீங்களே கேளுங்க பாய்!"