வீட்டில் எல்லாரும் சுகம்

நாற்காலி வாங்குவதில் எனக்குக் கைராசி உண்டு. உட்கார்ந்தால் கிரீச்சிடாதது எது என்று தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவேன். வெளிநாட்டில் நம் ஊழியப் பயிற்சி மையத்துக்கு அலுவலகம் திறக்கவேண்டும் என்றபோது, போதகரோடு கூட நீங்கள் என்னை அனுப்பியது அதற்காகத்தான். நடந்ததை நடந்தபடி எழுதித் தரும்படி விசாரணைக் குழு கேட்டிருக்கிறது. எழுதுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை.

செருப்புக் கடை ஒன்றின் மாடியில் இரண்டு அறைகள் பிடித்தோம். குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. சுவரெல்லாம் கத்தரிப்பூ நிறம். போதகர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்த்தார்.

"தம்பி, இந்தக் கலர் நடுவுல பாடம் எடுத்தா, மனந்திரும்பினவன்கூட பழையபடி திரும்பிப் போயிடுவான்."

சட்டைக் கையை மடித்துவிட்டு நாங்களே வெள்ளையடித்தோம். தச்சர் பெயர்ப்பலகையைத் தலைகீழாக மாட்டிவிட்டார். நம் எழுத்து அவருக்கு என்ன தெரியும்? தெருவே நின்று அண்ணாந்து பார்த்தது. எங்களுக்கு வயிறு புண்ணாகும்வரை சிரிப்பு. ஒரே மாதத்தில் பதினான்கு பேர் பயிற்சிக்குச் சேர்ந்தார்கள்.

போதகரின் மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கணவர் வெளிநாடு போனதால் அவர் தன் தம்பி வீட்டில் தங்கியிருந்தார். எங்களை வழியனுப்பும்போது, "அவர் ஒரு பச்சைக் குழந்தை. நீங்கதான் பாத்துக்கணும்" என்றார். பார்த்துக்கொண்டேன்.

போதகருக்குக் கம்ப்யூட்டர் பக்கம் போகவே கூச்சம். அக்காவுக்கும் அப்படித்தான். அவர் சொல்லச் சொல்ல அவருடைய தம்பி அடித்து மின்னஞ்சலில் அனுப்புவார். வாரம் ஒரு கடிதம், செவ்வாய்க்கிழமை வரும். நான் அச்செடுத்து, மடித்து, போதகரின் மேசையில் வைப்பேன். அவர் தாளில் எழுதித் தரும் பதிலை அடித்து அனுப்புவேன்.

ஆறாவது கடிதத்தில், வயிற்றில் கட்டி, அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்று இருந்தது. "எனக்கு பயமா இருக்கு. ஒரு வாரம் வந்துட்டுப் போங்களேன்" என்று அக்கா கேட்டிருந்தார்.

திறப்பு விழாவுக்கு இருபது நாள்தான் இருந்தது. போதகர் கிளம்பினால் பதினான்கு பேரும் ஆளுக்கொரு திசையில் போய்விடுவார்கள். ஜெபித்தேன். பிறகு அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, 'வீட்டில் எல்லாரும் சுகம்' என்று சேர்த்தேன். ஒரு பத்திதான். அன்று வகுப்பில் போதகர் பிரமாதமாகப் பேசினார்.

ஒன்றைச் செய்தால் அதற்குத் துணையாக இன்னொன்றைச் செய்ய வேண்டியிருக்கிறது. பாஸ்போர்ட் விசா முத்திரைக்குப் போயிருக்கிறது, தைரியமாக இரு என்று போதகர் பெயரில் அக்காவுக்கு எழுதினேன். அதே வாரம் அலுவலகத்தில் டெலிபோன் வைத்துவிட்டுப் போனார்கள். அதன் மணியைக் குறைத்து என் மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். "போன் இன்னும் வரலையா தம்பி?" என்று போதகர் கேட்பார். "இந்த ஊர்க்காரங்க ஆமை வேகம் ஐயா" என்பேன். ஒருநாள் அவர் கீழே கடையிலிருந்து, அக்கா தங்கியிருந்த மைத்துனர் வீட்டுக்குப் பேசப் போனார். எண்ணை நான்தான் எழுதிக் கொடுத்தேன். கடைசி இரண்டு இலக்கம் இடம் மாறியிருந்தது. யாரோ எடுத்துத் திட்டினார்களாம். சிரித்துக்கொண்டே திரும்பி வந்துவிட்டார்.

விழாவுக்கு முந்தின நாள், நான் வாசலுக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தபோது மைத்துனரின் கடிதம் வந்தது. "அக்கா காலையில போயிட்டாங்க. கடைசிவரைக்கும் கதவையே பாத்துக்கிட்டிருந்தாங்க. மாமா, நீங்க வரட்டும்னு அடக்கத்தைத் தள்ளி வச்சிருக்கோம்."

அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு, போதகர் பெயரில் பதில் அனுப்பினேன்: "நான் வருவதற்கில்லை. நீங்களே அடக்கம் செய்துவிடுங்கள். எனக்கு ஊழியமே முதல்."

விழா ஜோராக நடந்தது. அக்காவின் வாழ்த்துக் கடிதத்தைப் போதகர் மேடையில் படித்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நல்ல கடிதம்.

அதன்பிறகு ஐந்து மாதம், ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை. போதகர் எழுதித் தந்த பதில்கள் என் இழுப்பறையோடு நின்றன. பக்கத்து வீட்டுப் பூனையின் சேட்டை, மாடியில் காயவைத்த புடவை பறந்துபோய் டாக்டர் வீட்டு மரத்தில் சிக்கிக்கொண்டது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு வேடிக்கை வைப்பேன். போதகர் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்.

"முப்பது வருஷத்துல இவ இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல தம்பி. தூரமா வந்ததும் புதுசா கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு."

அவரை அத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குழு இதைக் கவனத்தில் கொள்ளவேண்டும்.

போன மாதம் மைத்துனர் நேரிலேயே வந்துவிட்டார். படியேறி வந்த மூச்சிரைப்போடு வாசலில் நின்றார்.

"அக்கா போய் அஞ்சு மாசம் ஆச்சு மாமா. ஒரு பிடி மண்ணு போடக்கூட உங்களுக்கு மனசு வரல, இல்ல?"

போதகர் சிரித்தார். "என்னப்பா உளர்றே? செவ்வாக்கிழமைகூட எழுதியிருந்தாளே." சட்டைப்பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் காட்டினார்.

மைத்துனர் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். போதகரும் பார்த்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். போதகர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்துபோய், இத்தனை மாதக் கடிதங்களின் கட்டை என்னிடம் நீட்டினார்.

"எது வரைக்கும் அவ எழுதினது?"

முதல் ஐந்தை மட்டும் பிரித்துக் கொடுத்தேன். அக்கா சொல்லி வந்தவற்றில் நான் எடுத்துவிட்ட பத்திகளை ஒரு கோப்பில் தேதிவாரியாக வைத்திருந்தேன். அதையும் கொடுத்தேன். பயத்தைச் சொன்ன அந்த வரியில் விரலை வைத்தவர் எடுக்கவே இல்லை. மறுநாள் மைத்துனரோடு ஊருக்குப் போய்விட்டார்.

கடிதங்களை மாற்றியவன் நான். ஒரு பெண் சாகும்போது கணவரை அவளிடம் போகவிடாமல் தடுத்தவனும், அவள் போனபின் அவள் பேரில் எழுதியவனும் நான்தான். யாருடைய தூண்டுதலும் இல்லை. மையம் நன்றாக நடக்கிறது. பதினான்கு பேரில் ஒருவரும் விலகவில்லை. அடுத்த நாட்டில் அலுவலகம் திறக்கும் எண்ணமிருந்தால், நான் தயார்.

இந்தச் செவ்வாய்க்கிழமைக் கடிதத்தை இத்துடன் இணைத்திருக்கிறேன். தயவுசெய்து போதகரிடம் சேர்த்துவிடுங்கள். அக்கா என்னை முழுமனதோடு மன்னித்துவிட்டதாக எழுதியிருக்கிறார்.