காத்திருப்பில் உள்ளவை

கணினி மையத்தின் குளிர் எலும்பு வரைக்கும் இறங்கும். அங்கே வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் நாற்காலி முதுகில் ஒரு ஸ்வெட்டரைப் போட்டே வைத்திருப்போம். மெய்யம்மை மேடம், விசாரணை அதிகாரியாக நீங்கள் வந்த முதல் நாளே கைகளைத் தேய்த்துக்கொண்டதைப் பார்த்தேன். என்னுடையதைக் கொடுத்தேன், வாங்கிப் போட்டுக்கொண்டீர்கள். அதனால் உங்களிடம் சொல்வது எளிதாக இருக்கிறது.

மென்பொருளிலிருந்து தொடங்குகிறேன். போன வருடம், தொண்ணூற்றெட்டில், நம் பல்கலைக்கழக ஆசிரியர்கள் இணையத்தில் ஆளுக்கொரு நாட்குறிப்புப் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவானது. எழுதுகிறவர் எழுதுவார், படிக்கிறவர் கீழே பதில் போடுவார். அதற்கு எந்த மென்பொருள் என்று கூட்டம் போட்டார்கள். ஒன்று கோலாலம்பூர் நிறுவனத்துடையது, அழகானது. இன்னொன்று அமெரிக்க மாணவர்கள் சிலர் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்தது, பார்க்க மருத்துவமனை விண்ணப்பம் மாதிரி இருக்கும். எல்லோரும் நிறத்தைப் பற்றிப் பேசினார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: வருவதை உள்ளே விடுவது யார்?

அழகானதில் எழுதியவுடனே எல்லாம் வெளியே வந்துவிடும். மற்றதில் ஒவ்வொரு எழுத்தும், ஒவ்வொரு பதிலும், நிர்வாகி பார்த்து அனுமதிக்கும் வரை ‘காத்திருப்பு’ என்ற பெட்டியில் கிடக்கும். யாராவது கண்டபடி எழுதிவிட்டால் பல்கலைக்கழகத்தின் பெயர் என்னாவது என்றேன். கூட்டத்துக்கு வாங்கிய கரிபாப் பலகாரத் தட்டு காலியாவதற்குள் எல்லோரும் தலையாட்டிவிட்டார்கள்.

சர்வர் வைக்க அறை இல்லை. என் மேசைக்கடியில் வைத்து, நிர்வாகி வேலையையும் எனக்கே கொடுத்தார்கள். அதிலிருந்து வெதுவெதுப்பான காற்று வரும். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால்களை அதன் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். அந்தக் கட்டடத்தில் குளிராத கால்கள் என்னுடையவை மட்டுந்தான்.

முதலில் சின்னத் திருத்தங்கள்தான் செய்தேன். பொருளியல் துறைக்காரர் தன் மனைவியின் சமையலைப் பற்றி எழுதிய ஒரு வாக்கியத்தை நீக்கினேன். அந்த வீட்டில் இன்றும் அமைதி நிலவுகிறது. யாரும் கவனிக்கவில்லை. தாங்கள் எழுதியதை யாரும் திரும்பப் படிப்பதில்லை, மேடம். நான் படிப்பேன்.

தமிழில் எழுதியவர் ஒருவர்தான், கடல் உயிரியல் துறை டாக்டர் குலசேகரம். எங்கள் மையத்தின் உதவியாளன் அலாவுதீன் அவருக்குத் தமிழ் எழுத்துருவைப் போட்டுக்கொடுத்தான். சேற்றில் துள்ளும் மீன்களைப் பற்றி எழுதுவார். நடுவில் ஒரு வரி, மனைவி போன பிறகு ரசத்துக்கு உப்புப் போட்டோமா என்று கேட்க ஆளில்லை என்று வரும். பிறகு மறுபடி மீன்.

முதல் கட்டுரை வெளிவந்த மறுநாள் காலை என் கவுண்டருக்கு வந்தார்.

“பிள்ளை, யாராச்சும் படிச்சாங்களா?”

“இன்னும் இல்ல சார்.”

“பரவால்ல லா. மீனே படிக்காது, மனுஷனா படிக்கப் போறான்.”

சிரித்தார். ஆனால் அடுத்த நாளும் வந்தார். அதற்கடுத்த நாளும். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருந்தால் நீங்களும் செய்திருப்பீர்கள். ஞானாம்பிகை என்ற பெயரில் ஒரு பதில் எழுதினேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, கடலுக்கு அந்தப் பக்கம் புக்கிட் மெர்தாஜாமில் தனியாக இருக்கிறார், மாலையில் பக்கத்து வீட்டுப் பையனின் கணினியில் படிக்கிறார். ‘உப்பைக் கடைசியில் போடுங்கள், அப்போது மறக்காது’ என்று மட்டும் எழுதினேன்.

குலசேகரம் சார் தலைமுடியை வாரத் தொடங்கினார். புதுச் சட்டை போட்டு வந்தார்.

“சேத்து மீனுக்கா சார் இந்தச் சட்டை?” என்று அலாவுதீன் கேட்டான்.

“மீனுக்கும் கண்ணு இருக்குடா தம்பி.”

வாரம் மூன்று கட்டுரை எழுதினார். ஒவ்வொன்றுக்கும் ஞானாம்பிகை பதில் போட்டார். அவரிடம் என்னிடமில்லாத ஒரு நிதானம் இருந்தது. கவுண்டருக்கு வரும்போதெல்லாம் சார் ஞானாம்பிகையைப் பற்றியே பேசுவார். “என்ன அறிவு பிள்ளை அந்த அம்மாவுக்கு.” பேசும்போது என் தலைக்கு மேலே மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்ப்பார்.

என் தவறு ஒன்றுதான். சாரும் என்னைப் போல யாழ்ப்பாணத்து வழி, எங்கள் யாழ்ப்பாணத்தார் பழக்கத்தை மறந்துவிட்டேன். எங்களவர் ஒருவரை அறிமுகம் செய்தால் முதல் கேள்வி எந்த ஊர், இரண்டாவது கேள்வி தகப்பன் யார். மூன்றாவது கேள்விக்குள் ஏதாவதொரு உறவுமுறை வந்துவிடும். மலேசியாவில் நாங்கள் கொஞ்சம் பேர், எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். தகப்பன் யார் என்று சார் ஞானாம்பிகையிடம் எழுதிக் கேட்டார். கற்பனையில் ஒரு தகப்பனை உண்டாக்க மனம் வரவில்லை. ஊர் சாவகச்சேரி, தகப்பன் புக்கிட் மெர்தாஜாமில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த தம்பு என்று என் அப்பாவின் பெயரையே எழுதிவிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பிஸ்கட் டின் ஒன்றோடு வந்தார்.

“நாளைக்கு ஃபெரி ஏறப் போறேன் பிள்ளை. அந்தப் பக்கம் போய் அவங்கள ஒரு தடவ பாத்துட்டு வந்துடுறேன். வயசான காலத்துல என்ன வெக்கம்.”

டின்னின் மேல் ரோஜாப் படம் போட்டிருந்தது. என்னிடம் ஒரு நாளும் அவர் எதுவும் கொண்டுவந்ததில்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை.

அன்று மாலையே ஞானாம்பிகையைக் கொன்றேன். மாரடைப்பு, வலியில்லை. தாசேக் கெலுகோரிலிருந்து ஒரு பெறாமகள், தூரத்து உறவில் மகள் முறை, எழுதினாள்: உடல் தகனம் செய்தாயிற்று, வீட்டைப் பூட்டியாயிற்று, யாரும் வர வேண்டாம். அனுமதிக்கும் பொத்தானை அழுத்திவிட்டுக் கால்களைச் சர்வரின் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். அன்று ஏனோ சூடு போதவில்லை.

அவர் முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. செட்டிநாட்டுக்காரரான உங்களுக்கு இது புதிதாக இருக்கலாம். இறந்தவரின் வம்சத்தையும் புலம்பல் பாட்டையும் சின்னப் புத்தகமாக அச்சடித்து, முப்பத்தோராம் நாள் சாப்பாட்டில் கொடுப்பது எங்கள் வழக்கம். உறவினர் செய்வது. “அவங்களுக்கு யாரும் செய்யல பிள்ளை, நான் செய்றேன்” என்றார். பிழை திருத்தித் தரச் சொல்லி என்னிடமே கொடுத்தார். ‘தம்பு அவர்களின் ஏக புத்திரி’ என்றிருந்தது. நான்கு தடவை படித்தேன். என் வாழ்க்கையில் என்னைப் பற்றி யாரும் இவ்வளவு நன்றாக எழுதியதில்லை. ஒரு பிழைகூட இல்லாமல் திருத்திக் கொடுத்தேன்.

சாப்பாடு துறை உணவறையில் நடந்தது. நான் அழுதேன், அது நடிப்பில்லை. அலாவுதீன் கல்வெட்டைப் புரட்டிவிட்டு, “புஷ்பராணி அக்கா, ஒங்கப்பா பேரும் தம்புதானே?” என்றான். குலசேகரம் சார் வடைத் தட்டை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். முதல்முறையாக, கடிகாரத்தை அல்ல.

அந்த நேரம் பார்த்து நூலகத்தின் ஹபீபா பீவி வந்தார். கணவரை இழந்தவர், கலகலப்பானவர், தமிழ் நன்றாகப் படிப்பார்.

“சார், மன்னிச்சுக்கங்க. நீங்க எழுதுற ஒவ்வொண்ணுக்கும் நான் பதில் போட்டேன், ஒண்ணுகூட வரல லா. நான் எழுதுறது ஒங்களுக்குப் புடிக்கலயோன்னு விட்டுட்டேன்.”

அலாவுதீன் எழுந்து போய்ச் சர்வரின் கோப்புகளைத் திறந்து பார்த்தான். அதன் பிறகுதான் நீங்கள் வந்தீர்கள்.

ஆம், காத்திருப்பில் இருந்தன. முதல் கட்டுரையிலிருந்தே இருந்தன. ‘யாராச்சும் படிச்சாங்களா’ என்று அவர் கேட்ட அந்தக் காலையிலும் ஹபீபாவின் பதில் அங்கே இருந்தது. அவருடையது மட்டுமில்லை, செபராங் ஜெயாவிலிருந்து ஒரு தம்பதி, ஒரு மீனவர் சங்கத்துச் செயலாளர், இன்னும் பலர். நான் எதையும் அழிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹபீபா அவரை மீன் குழம்பு சாப்பிட வீட்டுக்கு அழைத்திருந்தார். சாருக்குக் கூட்டம் ஒத்துக்கொள்ளாது. ஒரு நல்ல வாசகி போதும் என்று நினைத்தேன்.

நேற்று குலசேகரம் சார் கவுண்டருக்கு வந்தார். பழைய சட்டை போட்டிருந்தார்.

“தம்புவ எனக்குத் தெரியும் பிள்ளை. நல்ல மனுஷன். அவர் பேரச் சாவுப் புத்தகத்துல போட வச்சுட்டியே.”

அறைக்குப் போய்க் கடைசியாக ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார்: ‘இந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். இனி நான் எழுதப் போவதில்லை. ஹபீபா பீவியிடமும் மற்றவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.’

நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்டிருக்கிறீர்கள், திங்கட்கிழமை தந்துவிடுகிறேன். அவர் குறிப்பு காத்திருப்பில் இருக்கிறது. மனம் சரியில்லாத நேரத்தில் எழுதியது, அப்படியே வெளியே விடுவது அவருக்கு நல்லதில்லை. கொஞ்சம்தான் திருத்தியிருக்கிறேன். இப்போது அது, ‘சில நாள் ஓய்வுக்குப் பிறகு மீண்டும் எழுதுவேன், புஷ்பராணியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்’ என்றிருக்கிறது.